மெக்சிக்கோ விரித்த பாதுகாப்பு வலை

வள்ளுவர் நல்குரவு என்னும் அதிகாரத்தை அடுத்து இரவு, இரவச்சம் என்னும் இரண்டு அதிகாரங்களை வரிசையாக அமைத்துள்ளார். வறுமை வந்தால் இரக்க நேர்கிறது. இரக்க நேர்ந்தால் மானம் அஞ்சுகிறது. வறியவனுக்கு உதவி தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்வுதவியைப் பெற அவன் ஒருவர் வாயிலில் கையேந்தி நிற்க வேண்டுமாயின், வயிறு நிரம்பினும் மானம் குன்றிவிடுகிறது. ஆதலின், எவ்வளவு கொடுப்பது என்பதோடு, எவ்வாறு கொடுப்பது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இக்காலப் பொருளியலார் இவ்வாராய்ச்சியைச் 'சமூகப் பாதுகாப்பு வலை' என்னும் பெயரால் நிகழ்த்துகின்றனர். சர்க்கஸ் கூடாரத்தில் உயரத்தே ஊஞ்சலாடுவோருக்குக் கீழே வலை ஒன்று கட்டப்பட்டிருக்கும். கை தவறி விழுபவன் தரையில் மோதி மடியாமல் அது தாங்கிக்கொள்ளும். அதுபோல நோய், வேலையிழப்பு, விளைச்சல் பொய்த்தல் முதலியவற்றால் வீழும் குடும்பத்தைத் தாங்குவதற்கு அரசு செய்யும் ஏற்பாடே பாதுகாப்பு வலை எனப்படும்.

மலாயாவில் 1951இல் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதியும் தொடங்கப்பட்டன. இவையும் ஒருவகைப் பாதுகாப்பே. ஆனால், இவ்வகை ஏற்பாட்டிற்கு ஒரு முதலாளியும் மாதச் சம்பளமும் வேண்டும். வளரும் நாடுகளில் மிகுதியான ஏழைகளுக்கு இவ்விரண்டும் இல்லை. சிறு நிலத்தை உழுபவன், அறுவடைக் காலத்தில் மட்டும் கூலி பெறுபவன், தெருவில் கூடை சுமந்து விற்பவள் ஆகியோரின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இராது. அவர்களுக்கு எவ்வாறு வலை விரிப்பது? இவ்வினாவிற்கு மெக்சிக்கோ நாடு கண்ட விடை, உலகில் பல நாடுகளாலும் பின்பற்றப்பட்டது. அதன் வெற்றியும் குறையும் ஆசிரியர்கள் அறியத் தக்கவை. ஏனெனில், அத்திட்டத்தின் நடுவில் இருந்தது பள்ளிக்கூடம்.

சோள ரொட்டி மானியம்

1994 டிசம்பரில் மெக்சிக்கோவின் நாணயமாகிய பெசோ பெருவீழ்ச்சி கண்டது. அடுத்த ஆண்டில் அந்நாட்டின் மொத்த உற்பத்தி 6 விழுக்காட்டிற்கு மேல் சுருங்கிற்று. அதுகாறும் ஏழைகளுக்கான உதவி பெரும்பாலும் உணவு மானியமாகவே இருந்தது. டோர்ட்டியா என்னும் சோள ரொட்டியும் பாலும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன.

மேலோட்டமாக நோக்கின் இது நல்ல ஏற்பாடே. உற்று நோக்கினால் அதன் கோணல் புலப்படும். மானிய ரொட்டியைக் கடையில் வாங்குபவன் நகரத்தான். கொடிய வறுமையோ மலைப்புறச் சிற்றூர்களில் இருந்தது. அங்குள்ள குடும்பம் தான் விளைத்த சோளத்தைத் தானே அரைத்து ரொட்டி சுட்டது. கடை ரொட்டியின் விலை குறைந்ததால் அதற்கு ஒரு பயனுமில்லை.

அப்போது நிதித் துறையில் துணையமைச்சராக இருந்த பொருளியலறிஞர் சாந்தியாகோ லெவி இக்கோணலைச் சுட்டிக்காட்டினார். உணவின் விலையைக் குறைப்பதற்கு மாறாக, ஏழைக் குடும்பத்தின் கையில் பணத்தையே கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. அதிபர் எர்னெஸ்டோ செடில்லோவின் ஆட்சியில், 1997 ஆகஸ்டில், கல்வி, நலவாழ்வு, உணவு ஆகிய மூன்றையும் இணைத்த 'புரோகிரேசா' என்னும் திட்டம் தொடங்கிற்று.

தாயின் கையில் பணம்

இத்திட்டத்தில் பணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, குடும்பத் தலைவனிடமன்றித் தாயிடமே கொடுக்கப்பட்டது. தாயின் கைக்கு வரும் பணம் பிள்ளைகளின் வயிற்றுக்குச் செல்லும் என்பது திட்டம் வகுத்தோரின் நம்பிக்கை.

பணத்தோடு கடமையும் சேர்ந்து வந்தது. பிள்ளைகள் பள்ளி நாள்களில் 85 விழுக்காடேனும் வருகை தருதல் வேண்டும். குடும்பத்தினர் குறித்த காலத்தில் மருத்துவ நிலையத்திற்குச் சென்று உடலைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு தரப்பட்டது.

கல்வி உதவித்தொகை மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, வகுப்பு உயர உயரத் தானும் உயர்ந்தது. பிள்ளை வளருந்தோறும் வயலில் அவன் ஈட்டக்கூடிய கூலியும் வளர்கிறதன்றோ? அக்கூலியின் ஈர்ப்பைப் பள்ளியின் உதவித்தொகை ஓரளவேனும் ஈடு செய்தல் வேண்டும் என்று கணக்கிட்டனர். ஏழாம் வகுப்பு முதல் பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிடச் சற்று மிகுதியாகக் கொடுத்தனர். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியோரில் பெண்களே மிகுதியாக இருந்தமையே அதற்குக் காரணம்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. மெக்சிக்கோவில் அரசு உதவி என்பது நெடுங்காலமாகக் கட்சிக்காரர் கையால் வருவதாக இருந்தது. புதிய திட்டத்தில் வீடுதோறும் கணக்கெடுத்து, வகுத்த விதியின்படி குடும்பங்களைத் தேர்ந்து, இடையில் ஒருவருமின்றிப் பணம் கொடுக்கப்பட்டது. இத்திட்டம் எந்தக் கட்சிக்கும் உரியதன்று என்னும் அறிவிப்பும் மக்களுக்குத் தரப்பட்டது. இரவாமல் பெறும் உதவி என்பது இதுவே.

ஊர்களுக்கிடையே திருவுளச்சீட்டு

எல்லா ஊர்களையும் ஒரே நாளில் சேர்க்கப் பணமில்லை. அக்குறையையே ஆராய்ச்சிக்கு வாய்ப்பாக மாற்றினர். ஏழு மாநிலங்களில் 506 சிற்றூர்களை எடுத்து, திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் பிரித்து, 320 ஊர்களை முதலில் சேர்த்தனர்; 186 ஊர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருந்தன. இரு தொகுதிகளும் ஒத்த தன்மையின. ஒன்றில் திட்டம் உண்டு, மற்றொன்றில் இல்லை. ஆகவே, இரண்டிற்கும் இடையே தோன்றிய வேறுபாடு திட்டத்தின் விளைவே என்று துணிந்து கூற முடிந்தது.

விளைவு என்ன? தொடக்கப்பள்ளிச் சேர்க்கை முன்னரே பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் இருந்ததால், அங்குப் பெரிய மாற்றமில்லை. இடைநிலைப்பள்ளியிலேதான் மாற்றம் தெரிந்தது. முன்னர் 67 விழுக்காடாக இருந்த பெண்பிள்ளைகளின் சேர்க்கை 7 முதல் 9 புள்ளி வரை உயர்ந்தது. 73 விழுக்காடாக இருந்த ஆண்பிள்ளைகளின் சேர்க்கை அதனினும் குறைந்த அளவே உயர்ந்தது. வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகை குறைந்தது. குழந்தைகள் நோயுறுவதும் குறைந்தது. பணம் குடிக்குப் போகும், பெரியவர்கள் சோம்பியிருப்பர் என்று சிலர் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. குடும்பங்கள் காய்கறியும் கனியும் இறைச்சியும் முன்னினும் மிகுதியாக உண்டன. பெரியவர்கள் உழைப்பைக் குறைக்கவுமில்லை.

பள்ளி வாயில் வரை

இனி, குறைகளை நோக்குவோம். முதலாவது, பள்ளியும் மருத்துவ நிலையமும் எட்டும் தொலைவில் உள்ள ஊர்களே திட்டத்தில் சேர்க்கப்பட்டன. பள்ளிக்கு அனுப்பினால் பணம் என்னும் விதியிருக்க, பள்ளியே இல்லாத ஊரை எவ்வாறு சேர்ப்பது? இதனால், எல்லாரினும் ஒதுங்கி வாழ்ந்த ஏழைகள் வலைக்கு வெளியே நின்றனர். இரண்டாவது, கடமைகளின் சுமை முழுவதும் தாய்மார் மேல் விழுந்தது. மருத்துவ நிலையத்தில் காத்திருப்பதும் கூட்டங்களுக்குச் செல்வதும் அவர்களின் உழைப்பு நேரத்திலிருந்தே கழிந்தன.

மூன்றாவது, ஆசிரியர்க்கு உரியது. பிள்ளை பள்ளிக்கு வந்தான் என்பதற்குப் பள்ளி தரும் பதிவே சான்று. வராதவனை வரவில்லை என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் உணவு குறைகிறது. வந்தான் என்று எழுதினால் பதிவேடு பொய்யாகிறது. வருகைப் பதிவேடு உணவுச் சீட்டாக மாறும்போது ஆசிரியர் எதிர்கொள்ளும் இவ்விக்கட்டைத் திட்டம் தீட்டுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நான்காவது குறை, எல்லாவற்றினும் பெரிது. பள்ளியில் இருந்த ஆண்டுகள் கூடியனவேயன்றி, தேர்வில் வெளிப்படும் கற்றல் அதற்கேற்ப உயரவில்லை. பணம் பிள்ளையைப் பள்ளி வாயில் வரை கொண்டுவந்து சேர்த்தது. வாயிலுக்கு உள்ளே நல்ல ஆசிரியரும் நூலும் மேசையும் வேண்டும். அவற்றைத் தாய்க்குக் கொடுத்த பணம் வாங்கித் தர இயலாது.

வலை வேறு, ஏணி வேறு

திட்டம் 2002இல் 'ஓப்போர்த்துனிதாதெஸ்' எனவும், 2014இல் 'புரோஸ்பேரா' எனவும் பெயர் மாறி, அறுபது இலட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்களை எட்டியது. எனினும், வருமான அளவுகோலால் கணக்கிட்ட வறுமை 1992இல் 53 விழுக்காடாக இருந்து, 2014இலும் ஏறத்தாழ அதே நிலையில் நின்றது. ஒன்பது ஆண்டு படித்த பிள்ளைக்கும் நிலையான வேலை கிட்டவில்லை. கிட்டிய வேலைக்கும் கூலி உயரவில்லை. வீழ்பவரைத் தாங்குவது வலையின் தொழில். மேலே ஏற்றுவது ஏணியின் தொழில். வலையை ஏணியென்று எண்ணியதே பிழை.

2019இல் அதிபர் லோப்பஸ் ஓப்ரடோரின் அரசு புரோஸ்பேராவைக் கலைத்தது. அதற்கு மாறாக வந்த கல்வி உதவியில், தொடக்க, இடைநிலை வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேராயினும் குடும்பத்திற்கு ஒரே தொகைதான். மருத்துவச் சோதனைக் கடமையும் நீங்கிற்று. அதே அரசு குறைந்தபட்சக் கூலியை ஆண்டுதோறும் கணிசமாக உயர்த்திற்று. முதியோர் ஓய்வூதியத்தையும் விரிவாக்கிற்று.

பின்னர் நிகழ்ந்தது சிந்தனைக்குரியது. வருமானத்தோடு கல்வி, நலவாழ்வு முதலியவற்றையும் சேர்த்து அளக்கும் மெக்சிக்கோவின் வறுமைக் கணக்கு 2018இல் 41.9 விழுக்காடு, 2022இல் 36.3 விழுக்காடு. கூலி உயர்வு ஏணியாயிற்று என்பதற்கு இது சான்று. ஆனால், கடும் வறுமையில் உழன்றோர் 2018இல் 7.0 விழுக்காடு, 2022இல் 7.1 விழுக்காடு. ஏணி அவர்கள் காலுக்கு எட்டவில்லை. மருத்துவ வசதி எட்டாதோர் 16.2 விழுக்காட்டிலிருந்து 39.1 விழுக்காடாகப் பெருகினர். அவ்விடைக்காலத்தில் மக்கள் மருத்துவக் காப்புத் திட்டமும் கலைக்கப்பட்டமையால், இப்பெருக்கத்தைப் புரோஸ்பேராவின் மறைவு ஒன்றன் மேலேயே ஏற்றுதல் பொருந்தாது. 2024இல் வறுமை 29.6 விழுக்காடாகவும் கடும் வறுமை 5.3 விழுக்காடாகவும் இறங்கின. மருத்துவ வசதி எட்டாதோர் அப்போதும் 34.2 விழுக்காடாகவே இருந்தனர்.

கூலி இன்றைய வீட்டை உயர்த்துகிறது. வலை நாளைய பிள்ளையைக் காக்கிறது. ஒன்றின் தொழிலை மற்றொன்று செய்யாது. ஆதலால், ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்தல் ஏழைக்குச் செய்யும் முழு உதவியாகாது.

சட்டமும் சலுகையும்

மெக்சிக்கோவைப் போலவே பிரேசிலும் 2003இல் 'போல்சா பமிலியா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நமக்கு அண்டை நாடுகளான இந்தோனேசியா 2007இலும், பிலிப்பைன்ஸ் 2008இலும் இவ்வழியில் இறங்கின. மெக்சிக்கோ தன் திட்டத்தைக் கலைத்த அதே 2019இல், பிலிப்பைன்ஸ் தன் திட்டத்தைச் சட்டமாக்கிற்று. அரசின் ஆணையால் வரும் உதவி ஆணையாலேயே போய்விடலாம். சட்டத்தால் வரும் உதவியை நீக்கச் சட்டமன்றத்தின் நடுவே எழுந்து காரணம் கூற வேண்டும். முன்னதைப் பெறுபவன் ஆள்வோரின் மனநிலையை நோக்கியிருக்கிறான். பின்னதைப் பெறுபவன் தன் உரிமையைப் பெறுகிறான்.

ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளை ஏழாம் வகுப்பிற்குச் செல்லுமா, வேலைக்குச் செல்லுமா என்பதை முடிவு செய்வது பல வீடுகளில் பிள்ளையின் அறிவன்று. அம்மாதத்து அரிசிக் கணக்கு. மெக்சிக்கோவின் சிற்றூர்களில் அக்கணக்கைச் சில ஆண்டுகளேனும் பிள்ளையின் பக்கம் சாய்க்க முடிந்தது. அவ்வாறு சாய்ந்த பிள்ளைக்கு நல்ல கல்வி தருவது பள்ளியின் கடன். படித்து வெளிவருவோருக்குத் தக்க கூலியுள்ள வேலையை உண்டாக்குவது நாட்டின் கடன். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் வறுமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சொத்தாக இறங்காமல் நிற்கும்.