வேகாத எண்ணெய்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பியான்ஸ் படுகையிலிருந்து ஒரு ஷேல் பாறைத் துண்டை எடுத்துப் பிளந்து பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியாது, விரலில் பிசுக்கும் ஒட்டாது. மெல்லிய சில்லாகப் பெயர்த்துத் தீயில் காட்டினால் மட்டும் பற்றிக்கொண்டு கரும்புகை கக்கும். மெருகேற்றினால் மஹோகனிப் பலகைபோல வரிவரியாக மின்னும். அங்குள்ள செழிப்பான அடுக்குக்கு மஹோகனி என்றே பெயர்.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய ஏரி இருந்தது. அதன் பாசி சேற்றோடு படிந்து, கெரோஜன் என்ற மெழுகு போன்ற திடப்பொருளாக மாறியது. இன்னும் ஆழத்தில் புதைந்து சூடேறியிருந்தால் எண்ணெயாகியிருக்கும். அந்தச் சூடு அதற்குக் கிடைக்கவில்லை. (பாறையைப் பிளந்து எடுக்கும் ஃபிராக்கிங் எண்ணெய் வேறு. அது பூமிக்குள்ளேயே வெந்து தயாரானது.)

இந்தக் கெரோஜனிலிருந்து எண்ணெய் எடுக்க, பாறையை வெட்டி, நொறுக்கி, உலையில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் வறுப்பது பழைய வழி. எஸ்தோனியாவில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். வறுபட்ட கல் உப்பிவிடுவதால், வெட்டிய குழியிலேயே திரும்ப அடங்காது.

ஷெல் எண்ணெய் நிறுவனம் பாறையை இருந்த இடத்திலேயே வேகவைத்துப் பார்த்தது. துளைகளில் மின்சூடேற்றிகளை இறக்கி, மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் சூடேற்றி, 350 டிகிரி அளவுக்குக் கொண்டுபோவது திட்டம். நிதானமாக வேகும்போது கெட்டியான கழிவு அடியிலேயே தங்கிவிட, லேசான எண்ணெயும் வாயுவும் மேலே வரும். இயற்கை பல லட்சம் ஆண்டுகளில் முடிக்கும் சமையல் இது.

நிலத்தடி நீர்தான் பெரிய கவலை. அது உள்ளே புகுந்தால் சூடு வீணாகும். எண்ணெயும் நீரில் கலக்கும். அதனால் களத்தைச் சுற்றி 8 அடிக்கு ஒரு துளையிட்டு, குழாய்களில் கடுங்குளிர் அம்மோனியாக் கரைசலை ஓடவிட்டு, பாறையிடுக்கில் இருந்த நீரையே பனிச்சுவராக உறையவைக்கும் சோதனையும் தனியாக நடந்தது. நடுவில் அடுப்பு, சுற்றிலும் பனிமதில்! இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எக்ஸான்மொபில் என்ற மற்றொரு எண்ணெய் நிறுவனம் வேறு வழியில் போனது. பாறையில் விரிசல் உண்டாக்கி, மின்சாரம் கடத்தும் கரித்தூளை அதில் நிரப்பி, விரிசலையே சூட்டுத் தகடாக்க முயன்றது.

ஷெல்லின் களச்சோதனை ஒன்றில், 30 அடிக்கு 40 அடி நிலத்திலிருந்து 1,700 பீப்பாய் எண்ணெய் கிடைத்தது. அவ்வளவு சிறிய இடத்துக்கு அது பெரிய விளைச்சல்தான். ஆனால் சூடேற்றியும் சரி, குளிரூட்டியும் சரி, ஆண்டுக்கணக்கில் மின்சாரம் குடிப்பவை. அந்த மின்சாரத்துக்காக எரியும் நிலக்கரியைச் சேர்க்காமல் போடும் கணக்கை நான் ஏற்கமாட்டேன். 2013இல் ஷெல் இந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மஹோகனி அடுக்கின் பெரும்பகுதி இன்னும் வேகாமலே கிடக்கிறது.