குறட்டைக்கு நடுவே வரும் மௌனம்

“படுத்ததும் உறங்கிவிடுவேன், டாக்டர். எனக்கு ஒரு குறையும் இல்லை. இவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள்.” புறநோயாளர் பிரிவில் சரக்கு வாகன ஓட்டுநர்களிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. உடன் வந்த மனைவி கூறுவது வேறாக இருக்கும்: “குறட்டையில் வீடே அதிரும். திடீரென்று நின்றுவிடும். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன்.” நோயாளி அறியாததை அவர் மனைவி அறிந்திருக்கிறார். அவர் கேட்ட அந்த மௌனமே நோயறிதலின் முதல் தடயம்.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது. அந்த இடுக்கின் வழியே காற்று செல்லும்போது மென்மையான தசைகள் அதிர்வதால் எழுவதே குறட்டை. பாதை முற்றிலும் அடைபட்டால் ஒலியும் நின்றுவிடும். மார்பும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடும். ஆனால் காற்று உள்ளே செல்லாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்குகிறது. பெரும் திணறலுடன் மூச்சு திரும்புகிறது. இவ்வாறு 10 நொடிகளோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை ‘ஸ்லீப் அப்னியா’ என்கிறோம். ஓர் இரவில் நூறு முறை இது நிகழ்ந்தாலும், காலையில் நோயாளிக்கு நினைவிருப்பதில்லை.

இந்தியாவில் உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் மதிப்பிட்டனர். சிகிச்சை பெறாதவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. பகலில் கண் அயர்வது மற்றோர் ஆபத்து. சோழவரம் வழியே செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டுபவருக்கும், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் சில நொடி அயர்வே உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஒலி எவ்வாறு சாட்சியாகிறது?

லாரி கேபினில் உறங்கும் ஓட்டுநருக்கும், வாடகை அறையில் தனித்துத் தங்கும் தொழிலாளிக்கும் இரவில் செவிமடுக்க ஆள் இல்லை. அங்கே கைப்பேசி உதவக்கூடும். அதன் மைக் பதிவு செய்யும் ஒலியின் அளவு, அதிர்வெண், இடைவெளி ஆகியவற்றைக் கணினி நிரல் ஆராய்கிறது. ஏறிக்கொண்டே போகும் குறட்டை, பின்னர் மௌனம், அதன்பின் திணறல் என்ற வரிசை மீண்டும் மீண்டும் வந்தால் ஐயம் வலுக்கிறது.

2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜலட்சுமி நந்தகுமார், ஷ்யாம் கொல்லகோட்டா ஆகியோர் அடங்கிய குழு வேறொரு வழியைக் காட்டியது. கைப்பேசி, காதுக்குக் கேளாத உயர் ஒலியை எழுப்பும். மார்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியிலிருந்து மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும். வௌவால் இருளில் வழியறியும் முறையே இது. 37 நோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது, முடிவுகள் மருத்துவமனைப் பரிசோதனையுடன் நெருங்கி ஒத்திருந்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வில் பிறந்த ‘அக்யூபெபிள்’ என்னும் சிறு கருவியோ கழுத்தில் ஒட்டப்பட்டு, மூச்சுக்குழாயின் ஒலியை நேரடியாகக் கேட்கிறது.

ஒலியால் அறிய இயலாதவை

கைப்பேசியில் கிடைக்கும் எல்லாச் செயலிகளும் இவ்வாறு சோதிக்கப்பட்டவை அல்ல. மின்விசிறியின் இரைச்சலும், அருகில் உறங்குபவரின் குறட்டையும் கணக்கைக் குழப்பும். ஒலிப்பதிவு மட்டும் ஆக்சிஜன் அளவைக் காட்டாது. குறட்டையே இல்லாத மூச்சுத் தடையும் உண்டு. ஆகவே, செயலி எச்சரித்தால் மருத்துவரிடம் வாருங்கள். ‘இயல்பு’ என்று அது காட்டினாலும், பகல் தூக்கமும் காலைத் தலைவலியும் இருந்தால் அப்போதும் வாருங்கள்.

வீட்டில் பதிவு செய்யும் முறை

• கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், படுக்கைக்கு அருகே ஒரு கை தூரத்தில் வையுங்கள்.
• இரவு முழுவதும் பதிவு செய்யுங்கள். விடியற்காலையிலும், மல்லாந்து படுக்கும்போதும் தடை மிகுதியாகலாம்.
• இரவுப் பணி முடித்து வருவோர் பகல் உறக்கத்தைப் பதிவு செய்யலாம்.
• இரண்டு மூன்று நாள்கள் பதிவு செய்து, மது அருந்திய நாளையும் உறக்க மாத்திரை உட்கொண்ட நாளையும் குறித்து வையுங்கள்.
• வீட்டார் சில நிமிடங்கள் காணொளி எடுத்தால் மிக நன்று. ஒலி நின்றபின்னும் மார்பு அசைவது அதில் தெரியும்.

பதிவைக் கேட்டபின், தேவையானால் உறக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைப்போம். மூச்சு நிற்பதும் குறைவதும் ஒரு மணி நேரத்திற்கு 5 முறைக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 5 முதல் 14 வரை லேசான நோய். 15 முதல் 29 வரை நடுத்தரம். 30ம் அதற்கு மேலும் கடுமையானது. எடைக் குறைப்பு, ஒருக்களித்துப் படுத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியவை பலருக்குப் பயன் தரும். நடுத்தர, கடுமையான நோய்க்கு முகக்கவசம் வழியே காற்றழுத்தம் செலுத்தும் ‘சிபேப்’ கருவி உதவுகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய இம்முறை இன்றும் முதன்மைச் சிகிச்சையாக விளங்குகிறது.

“நோய் என்று தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டார்களே” என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. அந்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் சிகிச்சையை முறையாகப் பின்பற்றுவோரில் பெரும்பாலோர் பகல் விழிப்பை மீளப் பெறுகின்றனர். மறைக்கப்பட்ட நோயே சாலையில் அவருக்கும் பிறருக்கும் ஆபத்து. தூக்கம் கண்ணை அழுத்தும் நாளில், சிகிச்சை தொடங்கும் வரை, ஓட்டுநர் இருக்கையில் அமராதீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உறங்குபவரின் உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 108ஐ அழையுங்கள். மற்ற நாள்களில், அவருடைய குறட்டையைக் கேலி செய்து கடந்துவிடாமல், நடுவே மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் கேட்டதை எங்களிடம் வந்து சொல்லுங்கள்.