நடந்தால் பிரீமியம் குறையும்... சரி, உங்கள் டேட்டா எங்கே போகும்?

‘தினமும் நடங்கள், சலுகை பெறுங்கள்’ என்று ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் சில அழைக்கின்றன. ஸ்மார்ட் வாட்ச்சையோ மொபைலையோ அவர்களுடைய ஆப்போடு இணைத்தால், நீங்கள் நடக்கும் அடிகள் புள்ளிகளாகச் சேரும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் அது கழியும். அல்லது உடல் பரிசோதனை, ஜிம் கட்டணத்துக்குக் கூப்பன் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டிஸ்கவரி நிறுவனம் 1997-லேயே ‘வைட்டாலிட்டி’ என்ற பெயரில் தொடங்கிய யோசனை இது. இந்தியாவில் இத்தகைய சலுகைகளுக்கான விதிமுறைகளை ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2020-ல் வெளியிட்டது.

நடப்பது நல்லதுதான். பிறகு ஏன் தயக்கம்?

எல்லா உழைப்பும் கணக்கில் வருமா?

மொபைலைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் அம்மாவின் அடிகளை யார் எண்ணுவது? மூட்டுவலியால் நடக்க முடியாத தாத்தாவுக்குச் சலுகை எட்டாக்கனி. ஆரோக்கியமாக இருப்பவருக்கே தள்ளுபடி, கஷ்டப்படுபவருக்கு முழுக் கட்டணம் என்றாகிவிடுகிறது.

‘10,000 அடி’ இலக்கும் டாக்டர்கள் வகுத்ததல்ல. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. தினமும் சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடமே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை.

‘அனுமதி’யைத் தொடும் முன்...

* எதெல்லாம் போகிறது? அடிகள் மட்டுமா, இதயத்துடிப்பு, தூக்கம், இருப்பிடமும் சேர்த்தா? ஆப் செட்டிங்ஸில் தேவையில்லாததை அணைத்து வையுங்கள்.

* நடக்காவிட்டால் சலுகை மட்டும்தான் போகுமா, பிரீமியம் கூடுமா? எழுத்தில் கேளுங்கள்.

* டேட்டா வேறு யாருக்குப் போகும்? பாலிசியை நிறுத்தினால் அழிப்பார்களா?

* விலக முடியுமா? சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

* வாட்ச் வாங்கும் செலவைவிட சலுகை அதிகமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாட்ச் காட்டும் எண் நோயை உறுதி செய்யாது. சந்தேகம் என்றால் டாக்டரைப் பாருங்கள். அவர் நோயை உறுதி செய்த பிறகு புது பாலிசி எடுத்தால், விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். கிளெய்ம் நேரத்தில் சிக்கலாகும்.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது காப்பீட்டுத் தொகை, காத்திருப்புக் காலம், அருகிலுள்ள கேஷ்லெஸ் மருத்துவமனை. நடைக்கான தள்ளுபடி அதற்குப் பிறகுதான்!