இலவச இயங்குதளத்துக்கு எதற்குக் காசு?

இணையக் கடைகளில் 'உபுண்டு' என்றோ 'லினக்ஸ் மின்ட்' என்றோ தேடிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குப் பென்டிரைவ்கள் வரிசைகட்டும். செருகிக் கணினியை மறுபடி தொடங்கினால் போதும், புது இயங்குதளம் தயார் என்பார்கள். அதே உபுண்டு அதன் சொந்தத் தளத்தில் காசே இல்லாமல் கிடைக்கிறது. அப்படியானால் பென்டிரைவ் விற்பவர் நம்மை ஏமாற்றுகிறாரா? சட்டப்படி அவர் செய்வதில் ஒரு தப்பும் இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும், கேட்பவர் எந்த ஊரில், எந்த ஆண்டில் இருக்கிறார் என்று தெரிந்துதான் பதில் சொல்ல முடியும். தூத்துக்குடியில் அந்தப் பதில் முப்பது ஆண்டுகளுக்குள் தலைகீழாகிவிட்டது.

திரை, விசைப்பலகை, நினைவகம், வட்டு என்று கணினியின் பாகங்கள் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது இயங்குதளம். விண்டோஸ் அப்படி ஒன்று. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இன்னொன்று. அதன் வழியில் பிறகு எழுதப்பட்டவைதான் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளும் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்றவையும். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸின் கருநிரல் (கெர்னல்). சோனி பிளேஸ்டேஷன் 4இல் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். கடைசி உரிமைதான் நம்மவர்களைக் குழப்புகிறது.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்கு, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். யுனிக்ஸில் தாங்கள் எழுதிச் சேர்த்த வலையமைப்புப் பகுதியை மட்டும் 1989 ஜூனில் அங்கிருந்த குழு தனியாக வெளியிட்டது. காந்த நாடாவில் பதிந்து கொடுக்க 1,000 டாலர் கேட்டார்கள். ஆனால் வாங்கியவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் சும்மா கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருந்தார்கள். சீக்கிரத்திலேயே பல பெரிய நிறுவனங்கள் அதைத் தங்கள் கணினிகளில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்துவிட்டன. வியாபாரம் அத்தோடு படுத்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அதற்குப் பிறகும் சில நூறு நிறுவனங்கள் 1,000 டாலர் கட்டி நாடாவை வாங்கின. அந்தப் பணம் அடுத்த கட்ட வேலைக்குப் போயிற்று. சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை என்று நான் நினைப்பது இந்தக் கதையை வைத்துத்தான்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1985 வாக்கில் தன் ஈமேக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை அவர்! லினஸ் டோர்வால்ட்ஸ் எதிர்த் திசையில் தொடங்கினார். 1991இல் லினக்ஸை வெளியிட்டபோது, பிரதி எடுத்துக் கொடுப்பதற்கான செலவைக்கூட யாரும் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். நெகிழ்வட்டுகளில் நகலெடுத்துப் பரப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு வட்டு விலையாவது வேண்டாமா? 1992இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, ஸ்டால்மன் எழுதிய பொது உரிமத்துக்கு மாறினார். அந்த உரிமம் விற்பதைத் தடுக்காது. மூலநிரலைக் கொடுக்க மறுப்பதையும், வாங்கியவர் மறுபடி நகலெடுத்துக் கொடுப்பதைத் தடுப்பதையும்தான் தடுக்கும். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் குறுந்தகடு விற்பவர்கள் துணிந்து இறங்கினார்கள். 1993 இறுதியில் ஃப்ரீபிஎஸ்டியின் முதல் பதிப்பு, வால்நட் கிரீக் என்ற கலிஃபோர்னியக் கம்பெனியின் குறுந்தகடாகவும் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அது நான்கு பெருநகரங்களுக்கு மட்டும்தான். நம் பக்கம் தொலைபேசி வழி இணையம் வந்து சேர்ந்த காலத்தில் மோடத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். குறுந்தகடு கொள்வது 650 மெகாபைட். கணக்குப் போட்டால், துளிகூட வேகம் குறையாமல் இருந்தாலே ஒரு தகட்டை இறக்க ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். வேகம் குறையாமல் இருந்ததே இல்லை. நடுவில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு போய்விடும். தொலைபேசிக் கட்டணம் தனி.

அதே சமயம், மாலையில் சென்னையில் ஏறி மறுநாள் காலை நம் ஊரில் இறங்குபவரின் பையில் 100 குறுந்தகடுகள் இருந்தால்? முத்துநகர் எக்ஸ்பிரஸ் சுமார் 12 மணி நேரத்தில் 65 ஜிகாபைட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. விநாடிக்கு 12 மெகாபிட். மோடத்தைப் போல இருநூறு மடங்கு வேகம்! பயணச்சீட்டு மட்டும்தான் செலவு. அந்த நாளில் லினக்ஸ் குறுந்தகட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் மென்பொருளுக்கு விலை கொடுக்கவில்லை. கொண்டுவந்த கூலியைக் கொடுத்தார்.

அந்தக் கூலியையும் மிச்சப்படுத்திய புண்ணியவான்கள் உண்டு. 'பிசிகுவெஸ்ட்' பத்திரிகை தன் இதழோடு லினக்ஸ் தகடுகளைச் சேர்த்துக் கொடுத்தது. 2003இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ'வும் அப்படியே. இதழைப் படிக்காமல் தகட்டுக்காகவே வாங்கியவர்கள் ஏராளம். உபுண்டுவை நடத்தும் கனானிக்கல் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் தகட்டைத் தபாலில் சும்மாவே அனுப்பியது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் தபால்காரர் கையில் அட்டை உறை வந்துவிடும். 2011 ஏப்ரலில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் அகலப்பாட்டை தொடங்கியபோது விநாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தது. ஒரு தகடு ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஆனால் மாத அளவு தாண்டினால் மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று பில் ஏறும். பின்னர் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது என்றார்கள். அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுத்த ஒரு தலைமுறையே உண்டு. இதில் ஒரு வேடிக்கை: 2006இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்குக் கடலுக்கடியில் சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழை வடம் போட்டார்கள். பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்ட பாரத்-லங்கா வடம் அது. நாடுகளுக்கிடையிலான வடம் கரையேறிய ஊரில், வீட்டுக்கு வந்த இணைப்பு என்னவோ பழைய செம்புக் கம்பிதான்.

இறக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்ற மூன்றாவது வழியை அரசு திறந்தது. 2007இல் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த அலுவலகத்தை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அதே ஆண்டு ஜனவரியில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் அருகருகே ஏற்றிக் கொடுக்கப்பட்டன. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று திரை கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸையே தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டு வாசலுக்கே வந்த லினக்ஸை ஏன் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. த.சீனிவாசன் முதலானோர் 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழைத் தமிழில் தொடங்கி அந்த வேலையைத்தான் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

வாங்குவதா இறக்குவதா என்ற கேள்வி இப்போது திரும்ப எழுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. புது விண்டோஸை ஏற்க முடியாத பழைய கணினிகள் கடைகளிலும் கப்பல் ஏஜென்சி அலுவலகங்களிலும் கிடக்கின்றன. அவற்றுக்கு லினக்ஸ் போடலாமா என்றால், "டாலி ஓடுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கணக்கு மென்பொருளான டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கணக்குப் பார்க்கும் கணினியில் கை வைக்காதீர்கள். உலாவி, மின்னஞ்சல், கடிதம், பட்டியல் என்று ஓடும் மற்றக் கணினிகளுக்கு லினக்ஸ் தாராளம்.

எப்படிக் கொண்டுவருவது? வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இறக்குங்கள். உபுண்டுவின் மேசைக்கணினிப் பதிப்பு இப்போது சுமார் 6 ஜிபி. போனில் தினமும் 2 ஜிபி மட்டும் கிடைக்கிறவருக்கு அது மூன்று நாள் வேலை. அவர் டோரன்ட் வழியைப் பிடிப்பது நல்லது. பாதியில் நின்றாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். டோரன்ட் என்றாலே திருட்டுப்படம் என்று பயப்பட வேண்டாம், உபுண்டுவும் டெபியனுமே அதிகாரப்பூர்வமாக டோரன்ட் கொடுக்கின்றன. டெபியனில் 'நெட் இன்ஸ்ட்' என்ற சிறு கோப்பும் உண்டு. ஒரு குறுந்தகட்டு அளவுதான் இருக்கும். தேவையானதை மட்டும் நிறுவும்போது வலையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு வழங்கி (சர்வர்) மந்தமாக இருந்தால் ஐஐடி கான்பூர் போன்ற இந்திய நகல் தளங்களில் முயலலாம்.

இறக்கியதும் பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. கோப்போடு 64 எழுத்துகளில் ஒரு சரிபார்ப்பு எண் தளத்தில் இருக்கும். ஷா-256 என்பார்கள். இறக்கிய கோப்புக்கு உங்கள் கணினியிலும் அதே எண்ணைக் கணக்கிடலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். முத்துக்குளிப்புக் காலத்தில் நம் கரையில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்கியவர் தலையெழுத்து. சரிபார்க்காமல் இயங்குதளத்தை நிறுவுவதும் அந்த ஏலம் எடுப்பதும் ஒன்றுதான்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பைத் தங்கள் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். கள்ளக்கதவு வைத்த பதிப்பு அது. தளத்தையே பிடித்தவர்கள் அங்கே போட்டிருக்கும் எண்ணையும் மாற்ற முடியும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் வெளியீட்டாளரின் மின்கையொப்பத்தையும் சரிபார்ப்பார்கள். கடையில் வாங்கிய பென்டிரைவுக்கும் இதே விதிதான். விற்றவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் பதிந்தது எந்தப் பதிப்பு, நடுவில் என்ன சேர்த்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. வாங்கிய பென்டிரைவைத் தளத்தின் எண்ணோடு ஒப்பிடுவதும் பல நேரம் கைகூடாது. அதைச் சரிபார்க்கும் சிரமத்துக்கு நீங்களே இறக்கி, ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருளால் பென்டிரைவில் எழுதிவிடலாம். கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் பெரும்பாலும் கணினி அதிலிருந்து தொடங்காது, எழுதத்தான் வேண்டும்.

காசு கொடுப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. ஓபன்பிஎஸ்டி திட்டத்தைப் பாருங்கள். கனடாவில் இருந்து தியோ டி ராட் நடத்தும் அந்தத் திட்டம் பல ஆண்டுகள் குறுந்தகடு விற்ற காசையும் நம்பித்தான் ஓடியது. கோப்புகளை யாரும் இறக்கலாம். ஆனால் அதிகாரப்பூர்வக் குறுந்தகட்டின் அமைப்புக்கு மட்டும் தியோ பதிப்புரிமை வைத்துக்கொண்டார். அழகான உறை, ஒட்டுத்தாள், பதிப்புக்கு ஒரு பாட்டு என்று தகட்டை ஆசையாக வாங்க வைத்தார்கள். 2016இல் வந்த 6.0 பதிப்போடு தகடு நின்றது. இப்போது அந்தத் திட்டம் நன்கொடையைத்தான் கேட்கிறது. நிறுவனங்களுக்கு ரெட் ஹாட், சூசே போன்றவர்கள் ஆண்டுச் சந்தாவில் ஆதரவு விற்கிறார்கள். சரக்கு நிற்காமல் நகர வேண்டிய துறைமுக அலுவலகத்தில், நள்ளிரவில் வழங்கி படுத்தால் எடுத்துப் பேச ஒருவர் வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆகவே வீட்டுக்கும் சிறு கடைக்கும் என் பரிந்துரை இதுதான். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள், எண்ணைச் சரிபாருங்கள், படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு வட்டில் நகலெடுத்து வையுங்கள், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் அச்சுப்பொறியும் வேலை செய்தால் நிறுவலாம். பென்டிரைவ் வியாபாரிக்குக் கொடுக்க நினைத்த அந்தச் சில நூறு ரூபாயை, நீங்கள் தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் தளத்தில் உள்ள நன்கொடைப் பக்கத்தில் கட்டுங்கள்.