மேகாலயாவுக்கு ரயில் வேண்டுமா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவது என்றாலே நம் வீடுகளில் முதல் கவலை ரயில் டிக்கெட்தான். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, வண்டி தாமதம் என்று குறைப்பட்டுக் கொள்ளும் நமக்கு, "எங்களுக்கு ரயிலே வேண்டாம்" என்று சொல்பவர்களும் நம் நாட்டில் உண்டு என்பது வியப்பாக இருக்கும். மேகாலயாவின் காசி மலைப்பகுதியில் பல ஆண்டுகளாக எழுந்துவரும் குரல் இது. (கங்கைக்கரைக் காசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், காசி என்பது அம்மலைவாழ் பழங்குடி மக்களின் பெயர்.)

மேகாலயா 1972இல் தனி மாநிலமானது. அதன் தலைநகர் ஷில்லாங், கௌஹாத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அரிசி முதல் சிமெண்ட் வரை எல்லாமே லாரியில்தான் மலையேற வேண்டும். செர்ராபுஞ்சிப் பக்கத்து அடிவாரத்தில் 1880களில் ஒரு சிறிய ரயில்பாதை இருந்தது. 1897ஆம் ஆண்டு பெரும் நிலநடுக்கம் அதைச் சிதைத்துவிட்டது. மாநிலத்தின் முதல் ரயில் நிலையம் 2014 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதுவும் மேற்கே கரோ மலைப்பகுதியில் உள்ள மெந்திபதாரில்.

காசி மலைக்கு, அஸ்ஸாமின் தெதேலியாவிலிருந்து பைர்னிஹாட் வரை ஒரு பாதையும், அங்கிருந்து ஷில்லாங்குக்கு இன்னொன்றும் திட்டமிடப்பட்டன. காசி மாணவர் சங்கமும் வேறு சில அமைப்புகளும் எதிர்த்ததால் மேகாலயாவுக்குள் வேலை முன்னேற முடியவில்லை.

எதிர்ப்புக்குக் காரணம் என்ன? 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை சுமார் 30 லட்சம். அவர்களில் 100க்கு 86 பேர் பழங்குடியினர். நிலம் பெரும்பாலும் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். பழங்குடியினர் அல்லாதாருக்கு நிலம் கைமாறுவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சட்டம் நிலத்தைத்தான் காக்கும். வேலையையும் வியாபாரத்தையும் மொழியையும் யார் காப்பது என்று கேட்கிறார்கள். திரிபுராவை உதாரணம் காட்டுகிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பாதிக்கு மேல் இருந்த பழங்குடியினர், 2011இல் 100க்கு 32 பேர் ஆகிவிட்டனர்.

இதற்கு மறுதரப்பின் பதில்: திரிபுராவில் மக்கள்தொகை மாறியது முக்கியமாக தேசப் பிரிவினையாலும் அதன்பின் வந்த அகதிகளாலும். அகர்தலாவுக்கு ரயில் வந்ததோ 2008இல்தான். மேலும், ரயில் வந்தால் சரக்குக் கூலி குறையும். மலையில் விளையும் இஞ்சியும் அன்னாசியும் தூரத்துச் சந்தைகளுக்குப் போகும். நோயாளிகளும் மாணவர்களும் குறைந்த செலவில் பயணம் செய்யலாம். முதலில் சரக்கு ரயிலை மட்டும் விடலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது.

எதிர்ப்பாளர்கள் ரயிலை நிரந்தரமாக மறுக்கவில்லை. 'முதலில் உள்நாட்டு நுழைவு அனுமதி முறை, பிறகு ரயில்' என்பதே அவர்களில் பலருடைய நிலை. வெளிமாநிலத்தார் அனுமதிச் சீட்டுப் பெற்றே உள்ளே வர வேண்டும் என்ற இந்த ஏற்பாடு 1873ஆம் ஆண்டு விதியிலிருந்து வந்தது. அதைக் கேட்டு மேகாலயா சட்டமன்றம் 2019 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அனுமதி முறையும் ரயிலும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு மிசோரம் சாட்சி. அனுமதி முறை உள்ள அம்மாநிலத்தில், ஐஸ்வால் அருகிலுள்ள சாய்ராங் வரை 2025 செப்டம்பரில் ரயில் வந்துவிட்டது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இந்த விவாதம் வெறும் செய்தியல்ல. 1960களில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கோஷங்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷில்லாங்கிலும் 1979, 1987, 1992 ஆண்டுகளில் வெளியூராருக்கு எதிராகக் கலவரங்கள் மூண்டன. பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களும் அவதிப்பட்டார்கள். அதை எந்த அச்சமும் நியாயப்படுத்தாது. அதே சமயம், சென்னை மாநகரத்தின் மக்கள்தொகையைக்கூட எட்டாத ஒரு சிறு மாநிலத்தார், தம் மொழியும் மண்ணும் என்னாகுமோ என்று கவலைப்படுவதைப் பிற்போக்கு என்று ஒதுக்குவதும் சரியல்ல. வெளியூரில் தமிழ் மறந்துவிடக் கூடாதே என்று சங்கம் வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் நமக்கு அந்தக் கவலை புரியாதா என்ன?

ரயில் வரட்டும், ஆனால் அந்த மண்ணின் மக்கள் மனமுவந்து வரவேற்கும்படி வரட்டும். அதற்கான உத்தரவாதங்களைப் பேசி முடிப்பது தண்டவாளம் போடுவதைவிடக் கடினமான வேலை. அதுவே முதலில் நடக்க வேண்டிய வேலையும் கூட.