கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா?

நமது மாலை நேர முதியோர் வகுப்பில் சேர வந்த ஒரு சகோதரி, "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்று சொல்லி, அழகாகப் போட்டும் காட்டினார். பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார். கணவரின் மருத்துவச் செலவுக்காக இரண்டு வளையல்களை அடகு வைத்திருந்தார். நகை ஏலத்துக்கு வருவதாக ஒரு தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார். வெளியூரிலிருந்து மகன் வந்து படித்துச் சொன்னபோது தேதி கடந்துவிட்டது. வளையல்கள் போய்விட்டன.

கையெழுத்துப் போடத் தெரிந்த அவரை எழுத்தறிவு பெற்றவர் என்று சொல்லலாமா? இதற்குப் பதில் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். கல்வித் துறையில் அதைக் கற்றல் தரநிலை என்கிறார்கள். எந்தப் பாடத்தை நடத்தினோம் என்பதை அது கேட்பதில்லை. படித்தவருக்கு இப்போது என்ன செய்ய முடிகிறது என்று கேட்கிறது.

அளவுகோல் என்ன சொல்கிறது?

1988 மே மாதம் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம், நம் நாட்டில் இதைத் தெளிவாக வகுத்தது. அதன் முக்கியமான பகுதிகள் இவை:

வாசிப்பு: எளிய பகுதியை நிமிடத்துக்கு 30 சொற்கள் வீதம் வாய்விட்டும், 35 சொற்கள் வீதம் மனதுக்குள்ளும் படிக்க வேண்டும். சாலைப் பலகை, சுவரொட்டி, தன் வேலைக்கும் வீட்டுக்கும் தொடர்பான எளிய தகவல்கள் ஆகியவை புரிய வேண்டும்.

எழுத்து: நிமிடத்துக்கு 7 சொற்கள் பார்த்து எழுதவும், சொல்லச் சொல்ல 5 சொற்கள் எழுதவும் வேண்டும். சிறு கடிதமும் விண்ணப்பமும் எழுதத் தெரிய வேண்டும்.

கணக்கு: 1 முதல் 100 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டல், கழித்தல். இரண்டு இலக்கம் வரை பெருக்கல், வகுத்தல். எடை, தூரம், பணம், நேரம் ஆகியவற்றோடு வட்டிக் கணக்கும் ஓரளவு புரிய வேண்டும்.

இந்தப் பட்டியலில் கையெழுத்து ஒரு தொடக்கம்கூட இல்லை. அந்தச் சகோதரிக்குத் தேவைப்பட்டதோ இதில் மூன்று இடங்களில் இருக்கிறது: வீட்டுக்கு வந்த தகவலைப் படிப்பது, தேதியை அறிவது, வட்டியைக் கணக்கிடுவது.

வகுப்பில் எப்படிப் பயன்படுத்துகிறோம்?

முதலில், வருபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பார்க்கிறோம். காய்கறி விற்கும் பெண்ணுக்கு மனக்கணக்கு நம்மைவிட வேகமாக வரும். அதைத் தாளில் எழுதத்தான் தெரியாது. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் பலர் தமிழ் எழுத்தறியாதவர்களாக இருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. தமிழ் எழுத்துகளைப் பழகினால் போதும். இவர்களை "ஒன்றும் தெரியாதவர்" என்று உட்கார வைப்பது தவறு.

அடுத்து, ஒரு தரநிலையை எடுத்துக்கொண்டு அதற்கு ஏற்ற தாளை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்கிறோம். அடகுச் சீட்டு என்றால் மூன்று கேள்விகள்: தொகை எவ்வளவு? வட்டி எவ்வளவு? கடைசித் தேதி எது? 10,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் மாதம் 200. எட்டு மாதத்துக்கு 1,600. வட்டியிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதே நம் நிலை. ஆனால் கணக்குத் தெரியாதவர்தான் அதில் முதலில் சிக்குகிறார்; வெளியே வரவும் தடுமாறுகிறார்.

கடைசியாக, சொல்லிக்கொடுக்காத வேறொரு சீட்டைக் கொடுத்துப் பார்க்கிறோம். பழைய சீட்டை மட்டும் படிக்கிறார் என்றால் அவர் மனப்பாடம் செய்திருக்கிறார். புதியதையும் படித்தால்தான் கற்றிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் "முடிகிறது", "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று குறித்துவைத்தால், அடுத்த நாள் பாடம் நடத்த வருபவர் வேறொருவர் என்றாலும் எங்கே தொடங்குவது என்று தெரியும்.

சில எச்சரிக்கைகள்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு யாரையும் படிக்கச் சொல்ல வேண்டாம். தமிழில் சொற்கள் நீளமானவை. கண்பார்வை மங்கியவர்களும் வருகிறார்கள். வேகம் நமது குறிப்புக்கு மட்டும். பிறர் முன்னால் திணறவைத்தால் மறுநாள் அவர் வரமாட்டார்.

தேர்வே முடிவும் அல்ல. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 என மொத்தம் 150 மதிப்பெண்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள். நம் வகுப்பினரும் எழுத வேண்டும். ஆனால் அளவுகோல் என்பது இதற்குக் குறையக் கூடாது என்பதற்கே. இதோடு நின்றுவிட வேண்டும் என்பதற்கு அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்தப் பாடம் அவர்களை வீட்டு வாசலைத் தாண்ட வைத்தது.

அந்தச் சகோதரி இப்போது வீட்டுக்கு வரும் தபாலைத் தானே பிரித்துப் படிக்கிறார். திக்கித் திக்கித்தான் படிக்கிறார். தேதியை முதலில் தேடுகிறார். போன வளையல்கள் திரும்பாது. உங்கள் வீட்டு அலமாரியிலும் படிக்காத தாள் ஏதாவது மடித்து வைக்கப்பட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். அதுவே முதல் பாடமாக இருக்கட்டும்.