கழுத்துத் தமனியில் ஸ்டென்ட்: யாருக்கு ஏற்றது?

கழுத்தின் இரு பக்கமும் விரலுக்குத் தட்டுப்படும் துடிப்பு, கரோட்டிட் எனப்படும் கழுத்துத் தமனியினுடையது. தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை முகத்துக்கும் மற்றொன்று மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. ரத்த ஓட்டம் சீர்குலையும் அந்தப் பிரிவிலேயே கொழுப்பு அதிகமாகப் படிகிறது. குழாய் சுருங்கி ரத்தம் குறைவதைக் காட்டிலும், படிவின் மேற்பரப்பு வெடித்து அதிலிருந்து உதிரும் துணுக்குகளும் அதன்மேல் உறையும் ரத்தக் கட்டிகளும் மேலே சென்று மூளையின் சிறு குழாய்களை அடைப்பதே பெரும்பாலும் பக்கவாதத்தை உண்டாக்குகிறது.

இதயத் தமனியில் 1977இல் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் தொடங்கிய பலூன் சிகிச்சையைக் கழுத்தில் கையாள மருத்துவர்கள் தயங்கியதும் இதனால்தான். அடைப்பைப் பலூனால் நசுக்கும்போது உதிரும் சிறு துணுக்குகூடப் பேச்சைப் பறித்துவிடக்கூடும். எனவே, தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தும் மருத்துவர், பலூனை விரிக்கும் முன்பே, அடைப்புக்கு அப்பால் குடைபோல் விரியும் நுண்வடிகட்டியைப் பொருத்திவிடுவது வழக்கமாயிற்று. குழாயைத் திறந்து வைத்திருக்கும் வலைச்சுருளான ஸ்டென்ட்டும் இங்கே வேறு வகையானது. கழுத்து திரும்பும்போதும் அழுந்தும்போதும் நசுங்காமலிருக்க, நிக்கலும் டைட்டானியமும் கலந்த, தானே விரியும் உலோகத்தால் அது செய்யப்படுகிறது. ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அவ்விடத்தில் இருப்பதால், பலூன் விரியும் நொடியில் இதயத்துடிப்பு சட்டெனக் குறையலாம் என்பதும் எதிர்பார்க்கப்படுகிறது; அதற்கான மருந்து கைவசம் இருக்கும்.

கழுத்தைத் திறந்து படிவை அகற்றும் பழைய அறுவை சிகிச்சையைவிட இது மேலானதா என்பதே முக்கியமான கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2502 பேரிடம் நடந்து, 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் பெற்றோரில் 4.1 விழுக்காடும் அறுவை சிகிச்சை பெற்றோரில் 2.3 விழுக்காடும் ஏற்பட்டது. மாரடைப்போ முறையே 1.1, 2.3 விழுக்காடு. ஏறத்தாழ 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு அறுவை சிகிச்சையே அதிகம் பயன் தந்தது. முதுமையில் தமனிகள் வளைந்து கடினமாகிவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆகவே, கத்தியில்லாச் சிகிச்சை என்பதற்காக மட்டும் ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பது சரியன்று. வயது, இதயத்தின் நிலை, கழுத்தில் முன்பு பெற்ற கதிர்வீச்சு ஆகியவற்றை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு கண் சில நிமிடம் இருண்டு தெளிந்தாலும், கை மரத்து மீண்டாலும், வாய் குழறிச் சரியானாலும், சரியாகிவிட்டதே என்று வீட்டில் இராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.